நூற்றுக்குப் பதிமூன்றரை

தலைக்கவசத்தைக் கழற்றிக் காரின் கூரைமேல் வைத்துவிட்டு, "இன்னும் ஒரே ஒரு தடவை ஓட்டறேன். அதுக்கப்புறம் வேற யாராவது ஓட்டிக்கட்டும்," என்றார் மாமியார். அடுப்பை அணைத்தாயா என்று கேட்பதுபோல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். அதனாலேயே மருமகளுக்குச் சுருக்கென்றது.

மாமியாருக்கு ஐம்பத்து நான்கு வயது. அதில் இருபத்திரண்டு வருடங்களாக நானூறு மீட்டர் நேர்ப்பாதையில் பந்தயக் கார் ஓட்டுகிறார். வளைவே கிடையாது. இரண்டு கார்கள், ஒரு பச்சை விளக்கு, பதினோரு விநாடி, அவ்வளவுதான் பந்தயம். காரைக் கட்டியது மாமனார். கியர்பாக்ஸ் பட்டறை வைத்திருப்பவர். மகனோ பேருந்து ஓட்டுகிறான். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே பிறந்த குடும்பம் என்று மருமகளின் தோழிகள் கேலி செய்வார்கள். அவளுக்கு சைக்கிளே தகராறு. பம்ப் தொழிற்சாலையில் அளவு சரிபார்க்கும் பிரிவில் இருக்கிறாள். செய்த பொருள் சொன்ன அளவில் இல்லையென்றால் இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். அதைத் தொழிற்சாலையில் சொல்வது சுலபம்.

போன பந்தயப் பருவத்தில் எல்லைக்கோட்டைத் தாண்டும்போது கார் இருநூற்றாறு கிலோமீட்டர் வேகத்தில் போனது. இந்தப் பருவத்தில் நூற்றுத் தொண்ணூற்றிரண்டைத் தாண்டவில்லை. மாமனார் எஞ்சினைப் பிரித்துப் பார்த்தார், குறையில்லை. சுழற்சி காட்டும் மீட்டரில் உச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் சிவப்பு முள் ஒன்று உண்டு. அது நிமிடத்துக்கு ஏழாயிரத்து நானூறு சுற்றில் நின்றது. எஞ்சின் அவ்வளவு வேகமாகச் சுற்றியிருக்கிறது. ஆக, எஞ்சின் நிரபராதி. மிச்சம் இருப்பது ஓட்டுபவர். மாமனார் நேரடியாகச் சொல்லவில்லை. வயதானால் கடைசி ஐம்பது மீட்டரில் கால் தானாகவே கொஞ்சம் தளரும், அது நமக்கே தெரியாது, தப்பும் இல்லை என்று சுற்றி வளைத்தார். மாமியார் முதலில் மறுத்தார், பிறகு சந்தேகப்பட்டார், கடைசியில் நம்பியே விட்டார். சாயங்காலங்களில் நாற்காலியில் அமர்ந்து வலது காலை நீட்டி வைத்துக்கொண்டு, சொன்ன பேச்சு கேட்காத உறவினரைப் பார்ப்பதுபோல அதையே பார்த்துக்கொண்டிருப்பார்.

அந்த 'ஒரே ஒரு தடவை'க்கு முன்னால் மருமகள் தன் கைபேசியைக் காருக்குள் இரும்புக் கம்பியில் இறுகக் கட்டி வைத்தாள். மீட்டரும் முன்கண்ணாடியும் ஒன்றாகத் தெரிய வேண்டும் என்பது அவள் கணக்கு. கடைசி ஓட்டத்தை ஞாபகத்துக்குப் படம் எடுக்கிறாள் என்று நினைத்து மாமியார் அவள் கன்னத்தைத் தட்டினார். அன்றும் நூற்றுத் தொண்ணூற்றிரண்டுதான்.

வீட்டுக்கு வந்து படத்தை ஒவ்வொரு நொடியாக நகர்த்திப் பார்த்தாள். எல்லைக் கம்பங்கள் கண்ணாடியில் விலகிப் போகும் அந்தக் கணத்தில், உச்சத்தைப் பிடிக்கும் சிவப்பு முள் மட்டுமல்ல, அப்போதைய சுழற்சியைக் காட்டும் முள்ளும் ஏழாயிரத்து நானூறில் அசையாமல் நின்றது. கம்பங்களைத் தாண்டிய பிறகுதான் அந்த முள் இறங்கியது. கால் தளர்ந்திருந்தால் அது முன்னாலேயே இறங்கியிருக்கும்.

மறுநாள் காலை பின்சக்கரத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, சக்கரம் ஒரு முழுச் சுற்று சுற்றும்வரை காரைத் தள்ளும்படி கணவனிடம் சொல்லித் தரையை அளந்தாள். சரியாக இரண்டு மீட்டர். நூற்றுத் தொண்ணூற்றிரண்டு கிலோமீட்டர் வேகத்தில் கார் நிமிடத்துக்கு மூவாயிரத்து இருநூறு மீட்டர் போகிறது, அதாவது சக்கரம் ஆயிரத்து அறுநூறு சுற்று. இந்தக் காரின் கியர் அமைப்பில் சக்கரம் ஒரு சுற்று சுற்ற எஞ்சின் நான்கு சுற்ற வேண்டும். அப்படியானால் எஞ்சின் ஆறாயிரத்து நானூறு சுற்றியிருந்தாலே போதும். மீதி ஆயிரம் சுற்று எங்கே?

எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே உருண்டையாக ஒரு டார்க் கன்வர்ட்டர் இருக்கிறது. உள்ளே ஒரு விசிறி எண்ணெயைச் சுழற்றித் தள்ளும். அந்த எண்ணெய் எதிரே உள்ள விசிறியைச் சுற்றும். பம்ப் பார்த்துப் பழகியவளுக்கு அது புதிதல்ல. எண்ணெய் இரும்பைப்போல் பிடிக்காது, கொஞ்சம் வழுக்கத்தான் செய்யும். நூற்றுக்கு ஐந்து, ஆறு என்றால் சரி. இவள் கணக்கில் வந்தது பதிமூன்றரை. சிக்கல் என்னவென்றால், பருவம் தொடங்குமுன் அந்தக் கன்வர்ட்டரை வெட்டித் திறந்து, உள்ளிருக்கும் விசிறித் தகடுகளைத் தன் கையாலேயே பற்றவைத்து மூடியவர் மாமனார்.

அப்பாவிடம் எதையும் அவர் சாப்பிட்ட பிறகு சொல்வது நல்லது என்று கணவன் யோசனை சொன்னான். அவள் அப்படியே செய்தாள். அவள் அட்டையில் எழுதியிருந்த கணக்கை மாமனார் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார்.

"நின்ன வண்டியில அளந்திருக்க. வேகத்துல டயர் உப்பும்மா. ரெண்டு மீட்டர்ங்கறது அப்ப ரெண்டா இருக்காது."

"ஆமா மாமா, உப்பும். உப்பினா சுத்து கொறையும். அப்ப வழுக்கறது பதிமூணரையை விட அதிகமாத்தான் இருக்கும்."

மாமனார் அட்டையைத் தன் பக்கம் இழுத்தார். காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, அட்டையின் ஓரத்தில் போன பருவத்து எண்களைத் தானே போட்டார். இருநூற்றாறு கிலோமீட்டர், ஏழாயிரத்து முந்நூறு சுற்று. ஆறுகூட வரவில்லை. பென்சிலை மேசைமேல் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். மூன்று நாட்கள் வீட்டில் யாரும் காரைப் பற்றிப் பேசவில்லை.

நான்காம் நாள் மத்தியானம் அவர் பட்டறையிலிருந்து கன்வர்ட்டரின் பாதியைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு, மாமியார் மருமகளுக்குச் சோறு பரிமாறிக்கொண்டிருந்த சமையலறைக்கு நேராக வந்தார். மேடைமேல் வைத்துத் துணியை விலக்கினார். பதினோரு தகடுகள் பற்றவைப்பு விட்டுப் படுத்துக் கிடந்தன.

"உன் கால் இல்ல," என்றார். "என் கை."

மாமியார் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தார். படுத்திருந்த தகடுகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுக்கொண்டே போனார். இத்தனை மாதமாகத் தன்னையே சந்தேகப்பட வைத்ததற்கு மாமியார் கோபப்படுவார் என்றுதான் மருமகள் நினைத்தாள். "எண்ணெய் சொட்டுது, கீழ வைங்க," என்றார் அவர். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மருமகளின் தட்டில் அவள் கேட்காமலேயே இன்னொரு கரண்டி சோறு போட்டார்.

இந்த முறை தகடுகளை மாமனார் பற்றவைக்க, ஒவ்வொன்றையும் மருமகள் அளந்து பார்த்தாள். இரண்டு தகடுகளை அவள் இல்லை என்றாள். அவர் முணுமுணுத்துக்கொண்டே மறுபடி பற்றவைத்தார்.

பருவத்தின் கடைசிப் பந்தயத்தில் மாமியார் முதல் சுற்றில் இருநூற்றைந்தில் போய் ஜெயித்தார். இரண்டாவது சுற்றில் பச்சை விளக்கு எரியுமுன்னே புறப்பட்டு விட்டார், ஆட்டத்திலிருந்து நீக்கிவிட்டார்கள். ஆனாலும் பாதை முழுவதையும் ஓட்டி முடித்துவிட்டுத்தான் திரும்பினார். அவர் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று மாமனாரும் மருமகளும் வேலியோரம் போய் நின்றார்கள்.

திரும்பி வரும் மண்பாதையில் கார் மெதுவாக ஊர்ந்து வந்தது. ஜன்னலில் முழங்கை. பாதி வழியில் ஒரு வெள்ளை நாய் குறுக்கே வந்து, நடுப்பாதையில் நின்று காதைச் சொறிந்துகொண்டது. மாமியார் ஹாரன் அடிக்கவில்லை. எஞ்சினை உறுமவிடாமல், முகவாயைக் கையில் தாங்கிக்கொண்டு, அது சொறிந்து முடிக்கும்வரை காத்திருந்தார்.