ரெக்கிந்தோ தொடங்கட்டும்

அண்ணன் ஹசிந்தோ ஆற்றோடு போனது அக்டோபர் பதினான்காம் தேதி, சனிக்கிழமை, மாலை நான்கு மணிக்கு மேல். ஓடம் மறுநாள் கிடைத்தது. அண்ணன் கிடைக்கவில்லை. அவனுடைய நாலு தந்தி வாத்தியமான ரெக்கிந்தோவை வீட்டுக்குக் கொண்டுவந்து சுவரில் மாட்டியவன் நான். இவற்றை வரிசையாகச் சொல்லிக்கொண்டால்தான் எனக்கு மேலே சொல்ல வருகிறது.

எங்கள் ஊரில் வாசிக்கிறவன் இறந்தால், ஒன்பதாம் நாள் செபம் முடிந்ததும் வீட்டார் அவன் வாத்தியத்தின் தந்திகளைத் தளர்த்திவிடுவார்கள். அதுவரை அவன் கை அதில் இருக்கும் என்பார்கள். அண்ணி நிக்காசியா தளர்த்த மறுத்துவிட்டாள். செபம் சொல்ல வந்த பெண்கள் காபியைக் குடிக்காமல் அவளையே பார்த்தார்கள்.

"உடம்பு கிடைக்கலைங்கிறதுக்காகவா பிடிச்சுக்கிட்டு நிக்கிறே?" என்றாள் ஒருத்தி.

"அதுக்கில்ல. கடைசி நாள்ல குடிச்சிட்டு, பாட்டைத் தப்பா ஆரம்பிச்சாருன்னு ஊரே சொல்லுதில்ல? அவரு தப்பா ஆரம்பிச்சு நான் பார்த்ததில்ல. முதல்ல அந்தப் பேச்சு அடங்கட்டும். அப்பறம் தளர்த்துறேன்."

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஆட்டபாட்டக் கூடுகையான ஃபந்தாங்கோவில் ரெக்கிந்தோதான் தொடங்கும். மாட்டுக்கொம்புச் சீவலால் நாலு சுரம் தட்டி, இன்ன பாட்டு என்று அது அறிவித்த பிறகுதான் துணைக் கிதாரான ஹரானாவை அடிக்கிற நாங்கள் சேர்ந்துகொள்வோம்; பெண்கள் ஆட மரமேடையில் ஏறுவார்கள். ரெக்கிந்தோ ஒன்றைச் சொல்ல ஹரானா வேறொன்றை அடிப்பது எங்களிடம் நடக்காத காரியம். அன்று அக்கரைக் கல்யாணத்தில் அது நடந்தது. மேடையில் பெண்களின் கால்கள் ஒன்றோடொன்று மோதின. கூட்டம் சிரித்தது. ஒரு பாடகன் அங்கேயே கவி கட்டினான்: குடித்த ரெக்கிந்தோவுக்குத் தன் வீட்டு வாசலே தெரியவில்லையாம். அண்ணன் வாத்தியத்தை மேடையோரம் சாய்த்து வைத்தான்.

"இனிமே நீயே ரெண்டையும் வாசிடா" என்று என்னிடம் சொல்லிவிட்டு ஓடத்துறைக்கு நடந்தான். ஆற்றில் வெள்ளம் ஏறிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு வியாழக்கிழமைதோறும் அண்ணிக்கு மீன் கொண்டுபோவேன். அவள் கேட்பாள், ஹரானாவில் இரண்டு பாட்டு வாசிப்பேன். முதல் வியாழனே சுவரிலிருந்த ரெக்கிந்தோ பதிலுக்கு முனகியது. அதில் பயப்பட ஒன்றுமில்லை. இரண்டும் ஒரே தேவதாரு அடிமரத்தில் குடைந்தவை, ஒரே சுருதி. ஒன்றைத் தட்டினால் மற்றது அதிரத்தான் செய்யும். டிசம்பரில்தான் எனக்கு உறைத்தது. ஆற்றோர ஈரத்தில் எந்த வாத்தியத்துக்கும் நாலு நாள் சுருதி நிற்காது. என்னுடையதையே தினமும் முறுக்குகிறேன். தொடாமல் தொங்குகிற ரெக்கிந்தோ எப்படிப் பதில் சொல்கிறது?

இரண்டையும் குடைந்த தோன் ஃபாவுஸ்தீனோவிடம் போய்க் கேட்டேன். அவர் உளியை நிறுத்தவில்லை.

"உன் அண்ணி முறுக்குறா. வேற யாரு?"

"அவங்களுக்குச் சுருதி தெரியாதுங்களே."

"இருபது வருஷம் அவன்கூடக் குடும்பம் நடத்தியிருக்கா. என் பெண்டாட்டி உளியைத் தொட்டதே இல்ல. ஆனா நான் எந்த எடத்துல மரத்தைக் கெடுப்பேன்னு எனக்கு முன்னாடி அவளுக்குத் தெரியும்." பிறகு தலை நிமிர்ந்தார். "அதுபாட்டுக்குப் பதில் சொன்னா உனக்கென்னப்பா? கூடப்பிறந்தவன்தான?"

பிப்ரவரிக் கடைசியில், யாரிடமும் சொல்லாமல் என் ஹரானாவை அரைச் சுரம் இறக்கிக்கொண்டு போனேன். ரெக்கிந்தோவும் அரைச் சுரம் இறங்கிப் பதில் சொன்னது. மார்ச்சில், அண்ணி கிணற்றடியில் இருந்த நேரம் தந்தியை முறுக்குகிற அதன் பிரடைகளில் மெலிதாக மக்காச்சோள மாவைத் தடவினேன். இரண்டு வியாழன் கழித்துப் பார்த்தேன். மாவு தடவியபடியே இருந்தது. அன்றும் பதில் வந்தது.

அதன்பின் என் வீட்டில் வாசிப்பதை விட்டேன். வியாழனில் மட்டும் வாசித்தேன், விட்டால் அண்ணி ஏனென்று கேட்பாளே என்று.

மே மாதம், பெருமழை பெய்த ஒரு மதியத்தில் கேட்டேவிட்டேன். அண்ணி வாழைப்பழம் பொரித்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, அந்த ரெக்கிந்தோவை நீங்க முறுக்குறீங்களா?"

"முறுக்கிக்கிட்டுதான் இருந்தேன். நீ வாசிச்சிட்டுப் போனதும், அந்தச் சத்தம் காதுல இருக்கும்போதே முறுக்கி வெச்சிருவேன். அவரு வந்து எடுத்தா தயாரா இருக்கணும்ல." பழத்துண்டைத் திருப்பிப் போட்டாள். "பிப்ரவரி ஆரம்பத்துல, கந்தேலாரியா மாதா திருவிழாவோட விட்டுட்டேன். மூணு மாசமா தொடல."

"அப்ப அது…"

"நானும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். எனக்குப் பதில் சொல்ல மாட்டேங்குது. பாடிப் பார்த்தேன், தகர டப்பாவைக்கூடத் தட்டிப் பார்த்தேன். அசையல. உன்கிட்ட மட்டும்தான் பேசுது. என்ன கேக்குதுன்னு நீதான் சொல்லணும், லிபோரியோ."



"அண்ணன் குடிக்கல" என்றேன். "சரியாத்தான் ஆரம்பிச்சான். நான்தான் வேற பாட்டு அடிச்சேன். வேணும்னே அடிச்சேன்."

அவள் வாணலியை அடுப்பிலிருந்து இறக்கினாள்.

"எதுக்கு?"

"அன்னிக்குக் காலையில ஓடத்துல வரும்போது சொன்னான், 'எனக்குப் பின்னால வர்றதுக்குன்னே பிறந்தவன்டா நீ'ன்னு. விளையாட்டாத்தான் சொன்னான்."

"மத்த ஹரானாக்காரனுங்க?"

"நான் பலமா அடிச்சேன். சத்தம் எங்கயோ அங்க சேர்ந்துட்டாங்க."

அண்ணி அழவில்லை. இடுப்புத் துணியில் கையைத் துடைத்தாள். நாற்காலியை இழுத்துச் சுவருக்கு எதிரே போட்டாள்.

"உக்காரு. ஹரானாவை எடு. நீ அடிக்காத. அவரு ஆரம்பிக்கட்டும்."

உட்கார்ந்தேன். தகரக் கூரையில் மழை கொட்டியது, பிறகு குறைந்தது, பிறகு நின்றது. கூரை விளிம்பில் சொட்டுகிற நீர் கேட்டது. தந்திகளுக்கு மேலே தூக்கிய வலது கை மரத்துப்போயிற்று. அப்போது சுவரில் ஒரு தந்தி அதிர்ந்தது. யாரும் தட்டவில்லை, காற்றும் இல்லை. அதன்மேல் இன்னொன்று, பிறகு இன்னும் இரண்டு. கல்யாணத்தன்று அண்ணன் அறிவித்த அதே நாலு சுரம்.

என் கை விழுந்தது. அவன் சொன்ன பாட்டையே அடித்தேன்.

நான் முடித்ததும் அண்ணி, "தாமதம். ஆனா வந்துட்ட" என்றாள். எழுந்து ரெக்கிந்தோவின் முதல் பிரடையைத் திருப்பினாள். தந்தி தொய்ந்து தொங்கியது. மற்றவற்றைத் தொடவில்லை.

"இது என்கிட்ட சொன்னதுக்கு. மிச்சம் மூணு இருக்கு. சனிக்கிழமை அக்கரையில ஃபந்தாங்கோ. மேடையில ஏறி நின்னு சொல்லு. சொல்லிட்டு வந்தா அடுத்தது."

"எல்லாத்தையும் ஒரேயடியா…"

"அப்பறம் நம்ம ஊருக்குச் சொல்லணும். அப்பறம் அந்தக் கவி கட்டினவன் வீட்டுக்குப் போய்ச் சொல்லணும், வேற கவி கட்டச் சொல்லி. கொழுந்தனாச்சேன்னு எதையும் குறைக்க மாட்டேன். போ, பழம் ஆறிடும், தின்னுட்டுப் போ."

சனிக்கிழமை மாலை, நான்கு மணிக்கு, தனியாக ஓடத்தில் ஏறினேன். ஹரானாவை மடியில் கிடத்திக்கொண்டேன். மேடையில் சொல்ல வேண்டியதைத் துடுப்பு போடப் போட மனத்துக்குள் வரிசைப்படுத்தினேன்: முதலில் தேதி, அடுத்து அண்ணன் சொன்ன பாட்டு, அடுத்து நான் அடித்தது.

நடு ஆற்றில், நான் விரல் வைக்காமலே, ஹரானா முனகத் தொடங்கியது.

துடுப்பை நிறுத்திக் காது கொடுத்தேன். தண்ணீர் ஓடுகிற சத்தம் தவிர எனக்கு எதுவும் கேட்கவில்லை. ஹரானாவுக்குக் கேட்டது. அது என் மடியில் பதில் சொல்லிக்கொண்டே இருந்தது. அதன் மேல் கை வைத்து அடக்காமல், அக்கரையைப் பார்த்துத் துடுப்பைப் போட்டேன்.