பூண்டு பிடுங்கிய பிறகு

உபகாரத்தின் இதய ஆபரேஷனைப் பூண்டு பிடுங்கி முடித்த பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டவள் அவன் மனைவி அடைக்கலமேரிதான். மழையில் விளைச்சல் அழுகிவிடும் என்று பயந்தாள். இன்று இருவரும் மதுரை ஆபரேஷனுக்கு அனுமதிச் சீட்டு வாங்கக் கொடைக்கானல் அரசு ஆஸ்பத்திரிக்கு வந்தபோது, இலவச சிகிச்சைச் சட்டத்தை ரத்து செய்வது பற்றி அங்கிருந்த டிவியில் எம்.பி.க்கள் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"நம்ம வீட்டுச் சண்டை தேவல மேரி" என்று மூச்சிரைக்கச் சிரித்தான் உபகாரம்.

ஓட்டெடுப்பு முடிந்து, ஜெயித்தவர்கள் மேஜையைத் தட்டினார்கள். போனில் பேசிவிட்டு வந்த, சீட்டு கொடுக்கும் பெண்ணின் முகம் வாடியிருந்தது.

"ரத்தாயிருச்சுக்கா. நேத்து வரைக்கும் சீட்டு வாங்குனவங்களுக்கு மட்டுந்தானாம்."

மேரி கையிலிருந்த காகிதங்களை மறுபடியும் அவளிடம் நீட்டினாள்.

"பூண்டு நல்ல வெளைச்சல்தானே, விடு. நம்மூரு கூக்கால் பஸ் போயிரும், வெரசா வா" என்று முன்னால் நடந்தவன், நாலு எட்டில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான்.