பழைய பெயரின் பசி

பெயரை மாற்றியும் நிங்ருமுக்குக் காய்ச்சல் இறங்கவில்லை.

கிளாத்தன் ஊர்ப் பக்கம் நோய் தீராவிட்டால் ஆளுக்குப் பெயர் கனத்துவிட்டது என்பார்கள். சிவப்பும் வெள்ளையுமாகக் கஞ்சி காய்ச்சி அக்கம்பக்கம் கொடுத்து, லேசான பெயராக ஒன்றைச் சூட்டுவார்கள். அதன்பின் பழைய பெயரை யாரும் சொல்லிக் கூப்பிடக் கூடாது. நிங்ரும், ரஹாயு ஆனாள்.

கஞ்சி குடித்தவர்களில் சுமார்னியும் ஒருத்தி. ரஹாயுவின் உயிர்த்தோழி. புருஷன் விட்டுப்போனதிலிருந்து, விடிந்ததும் மனசில் உள்ளதையெல்லாம் கைப்பேசியில் இவளுக்கு எழுதிக் கொட்டுவாள். ஆறுதலாகப் பதில் வரும். மனசு பஞ்சாகிவிடும். தோழி படுத்த பிறகும் அது நிற்கவில்லை. இன்று காலையும் எழுதினாள். உடனே பதில் வந்தது.

"இன்னும் எழுது."

எழுதினாள்.

"போதாது. இன்னும்."

அவள் இப்படிக் கேட்பவள் இல்லையே! சுமார்னி சைக்கிளை மிதித்துக்கொண்டு பறந்தாள்.

வாசலில் ரஹாயுவின் கணவன் பார்மன். சுமார்னிக்கு அவன் 'மாஸ்', அண்ணன் முறை; அவனுக்கு அவள் 'ம்பாக்', அக்கா முறை.

"மாஸ், அவ எந்திரிச்சாச்சா? எனக்குப் பதில் போட்டாளே!"

"என்ன ம்பாக், காலங்காத்தால கேலியா? அவ கண்ணே தெறக்கல. போன் செத்து வாரமாச்சு, அலமாரியில கெடக்கு." சட்டென்று அவன் முகம் மாறியது. "எந்தப் பேரைப் போட்டு எழுதுனீங்க?"

சுமார்னி கைப்பேசியைத் திறந்து பார்த்தாள். கைப்பழக்கம். தினமும் 'நிங்ரும்' என்றுதான் ஆரம்பிப்பாள்.

"நல்லாருக்கு! நாங்க கஞ்சி ஊத்தி வெரட்டி விட்ட பழைய பேரை, நீங்க தெனமும் கூப்பிட்டு வெச்சு சோறு போட்டிருக்கீங்க!"

உள்ளே கட்டிலில் ரஹாயு பாதியாக இளைத்துக் கிடந்தாள். உதடு மட்டும் அசைந்தது. சுமார்னி குனிந்து காதைக் கொடுத்தாள்.

"அவரு செருப்பு இன்னும் வாசல்லயே கெடக்கு... எடுத்துப் போடக் கை வரல..."

சுமார்னி இன்று காலை எழுதிய வரிகள். ஒரு எழுத்துப் பிசகவில்லை.

எத்தனை வருஷக் கொட்டல்! தான் ஒருநாளாவது, 'உனக்கு என்னடி?' என்று கேட்டதுண்டா?

"ரஹாயு!" கையை இறுகப் பற்றினாள். "என் கதை கெடக்கட்டும். உன்னோடதைச் சொல்லுடி. நான் கேக்கறேன்."

பையில் கைப்பேசி அதிர்ந்தது. விடாமல் அதிர்ந்தது. அவள் தொடவில்லை.

கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் ரஹாயுவின் குரல்.

"வயித்துல ஒண்ணு தங்குச்சு... நிக்கல. இவர்கிட்டகூடச் சொல்லல."

வாசற்படியில் பார்மன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். சுமார்னியின் தோளில் யாரோ ஏறி அமர்ந்ததுபோல் பாரம் அழுத்தியது. ரஹாயுவின் நெற்றியில் மெல்ல வியர்வை பூத்தது. கண் திறந்தாள்.

"கனக்குதாடி?"

"கனக்கட்டும். மிச்சத்தையும் சொல்லு."