மூணு டு நாலு, சிஸ்டர் அம்மணி

ஞாயிறு ஆராதனை முடியப்போகும் நேரம். மாடம்பாக்கத்து ஆஸ்பெஸ்டாஸ் சபையில் ஆல்வின் பாஸ்டர் அந்த வார அறிவிப்புகளை வாசித்துக்கொண்டிருந்தார். புதன் உபவாச ஜெபம். வெள்ளி வாலிபர் கூட்டம். சனிக்கிழமை காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரை, சபையின் ஆவிக்குரிய வளர்ச்சிக்காகச் சங்கிலி ஜெபம். ஆளுக்கு ஒரு மணி நேரம்.

"ரெண்டு டு மூணு, சிஸ்டர் ஜான்சி. மூணு டு நாலு, சிஸ்டர் அம்மணி..."

பாஸ்டரின் வாய் அப்படியே நின்றது. அம்மணி காய்ச்சலில் போய்ச் சேர்ந்து இருபது நாள் ஆகியிருந்தது. பட்டியல் எழுதும் ஜான்சி, போன மாதத் தாளைப் பார்த்து அப்படியே இறக்கிவிட்டாள்.

கடைசியில் சுவரோரம் உட்கார்ந்திருந்த குப்பன் எழுந்தான். அம்மணியின் புருஷன். நாவலூரில் எழும்பிக்கொண்டிருந்த கம்பெனிக் கட்டிடத்தில் கான்கிரீட் சட்டி தூக்குகிறவன். "ஒரு தபா என்கூட வந்து முட்டி போடுய்யா" என்று அவள் ஆறு வருஷம் கேட்டும், அவள் இருந்தவரை இந்த வாசலை மிதிக்காதவன்.

"அந்தப் பேர அடிக்காத சார். அவ நேரத்துக்கு நான் குந்திக்கிறேன்."

"கரெக்டா வந்துடணும் பிரதர். சங்கிலி அறுந்துடக் கூடாது," என்றார் பாஸ்டர். "மாத்த வர்றவங்க பின்னாடி நின்னு 'ஸ்தோத்திரம்' சொல்லணும். ஜெபிச்சவங்க பதிலுக்குச் சொல்லிட்டு, எழுந்து பக்கவாசல் வழியா போயிடணும். உப்புத்தூணாப் போன லோத்தோட பொண்டாட்டி மாதிரி யாரும் திரும்பிப் பாக்கக் கூடாது."

ஸ்தோத்திரம் என்ற வார்த்தை குப்பனுக்குத் தெரியும். அம்மணியின் நாக்கில் அது ஒருநாளும் ஒழுங்காக வந்ததில்லை. சோத்திரம் என்பாள். "சோத்துக்குப் போறவ சோத்திரம்னுதானே சொல்லுவே" என்று குடித்தும் சிரித்திருக்கிறான், குடிக்காமலும் சிரித்திருக்கிறான்.

சனிக்கிழமை தளம் போட்டார்கள். தளம் போடும் நாளில் பாதியில் இறங்க விடமாட்டார்கள். மேஸ்திரியோடு மல்லுக்கட்டிக் கிளம்பும்போதே இரண்டேகால். மேடவாக்கத்தில் பஸ் மாறி, இறங்கி ஓடி, சபையை அடைந்தபோது மூன்று நாற்பது. அவள் கேட்டது ஒன்றே ஒன்று. அதையும் கெடுத்தாச்சு.

பக்கவாசல் குழாயடியில் ஜான்சி டம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் நிமிர்ந்தாள்.

"அண்ணா! நீங்க உள்ளதானே இருந்தீங்க?"

"இப்பதாம்மா வரேன். பஸ்ஸு பேஜார் பண்ணிட்ச்சு."

டம்ளர் சிமெண்டுத் தரையில் விழுந்து உருண்டது.

"அப்ப மூணு மணிக்கு என் பின்னாடி நின்னது யாரு? சோத்திரம்னு சொன்னாங்கண்ணா. தொண்டை கட்டின மாதிரி குரல். அக்கா ஞாபகத்துல நீங்கதான் அப்படிச் சொல்றீங்கன்னு நெனச்சு, திரும்பாம வந்துட்டேன்."

குப்பன் சுற்றிக்கொண்டு முன்வாசலுக்குப் போனான்.

வெயிலிலிருந்து நுழைந்த கண்ணுக்கு உள்ளே எல்லாமே கறுப்பு. தலைக்கு மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை சூட்டில் படபடவென்று வெடித்தது. அதற்கு நடுவே, பாய் விரித்திருந்த இடத்திலிருந்து ஒரு முணுமுணுப்பு. ஓயாமல், மூச்சுத் திணறித் திணறி. மனப்பாடம் செய்ததை மறந்துவிடுவோமோ என்று அவசரமாகச் சொல்கிற மாதிரி.

குப்பன் கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

"ஸ்தோத்திரம்," என்றான். வாரம் முழுக்கச் சட்டி தூக்கும்போதெல்லாம் சொல்லிப் பழகியிருந்ததால் வார்த்தை சுத்தமாக வந்தது.

முணுமுணுப்பு நிற்கவில்லை.

"ஸ்தோத்திரம்," என்றான் மறுபடியும். ஓடிவிடலாம். ஓடினால் அவள் இப்படியே முட்டி போட்டுக் கிடப்பாள்.

"சோத்திரம், அம்மணி."

முணுமுணுப்பு நின்றது.

"சோத்திரம்," என்றது தொண்டை கட்டிய குரல். அவன் கேலி பண்ணிச் சிரித்த அதே சொல். ஆள் எழும்போது கண்ணாடி வளையல்கள் ஒன்றோடொன்று உரசின. வெறுங்கால் நடை பக்கவாசல் பக்கமாகப் போய் ஓய்ந்தது.

தடவித் தடவிப் போய்ப் பாயில் முட்டி போட்டான். பாய் சூடாக இருந்தது, காய்ச்சல்காரி படுத்து எழுந்த பாய் மாதிரி. ஜெபம் எதுவும் அவனுக்குத் தெரியாது. அவள் பேரையே சொல்லிக்கொண்டிருந்தான்.

நாலு மணிக்கு, முதுகுக்குப் பின்னால் பாஸ்டரின் குரல் "ஸ்தோத்திரம்" என்றது. குப்பன் "சோத்திரம்" என்று சொல்லிவிட்டு, திரும்பாமல் பக்கவாசல் வழியே வெளியேறினான்.

ஜான்சி குழாயடியை விட்டு நகரவே இல்லை. விழுந்த டம்ளர் விழுந்த இடத்திலேயே கிடந்தது.

"கண்ணை எடுக்காம வாசலயே பாத்துட்டு இருந்தேண்ணா. யாரும் வெளிய வரல."

குப்பன் முட்டியில் பதிந்திருந்த பாய்க்கோட்டைத் தேய்த்துவிட்டுக்கொண்டான்.

"அட்த்த மாசமும் மூணு மணிக்கு அவ பேரயே எழுதும்மா," என்றான். "நாலு மணிக்கு என் பேர எழுது. அவள மாத்தி வுட ஆள் வோணும்ல."