பந்தி நாற்பத்தொன்று

பெட்டியை முன்னறைக்குள் இறக்கி வைக்கும் சத்தம் கேட்டபோது சிவகௌரி மேல்மாடியில் தகப்பனுடைய மேசை லாச்சியைக் கட்டில்மேல் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு பற்றுச்சீட்டுகள் கிடைத்துவிட்டன. பதின்மூன்றாவதைக் காணவில்லை. இன்று மாலை ஐந்து மணிக்குள் பதின்மூன்றும் கவுன்சில் கட்டடத்துக்குப் போய்ச் சேர வேண்டும். மூன்றரை மணிக்குத் தகப்பனைத் தகனம் செய்ய வேண்டும்.

"பிள்ளை, ஐயர் வந்திட்டார். கீழ வாவன்," என்று படிக்கட்டடியிலிருந்து யாரோ கூப்பிட்டார்கள்.

"வாறன், வாறன்."

தகப்பன் பத்மநாதன் யாழ்ப்பாணத்தில் பொலிஸ் சார்ஜன்டாக இருந்தவர். எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு கிழக்கு லண்டனில் குட்மேய்ஸுக்கு வந்து, கார் நிறுத்துமிடம் ஒன்றில் காவல் வேலை பார்த்தார். அவரைப்போல இலங்கைப் பொலிஸை விட்டு வந்த முப்பது தமிழர்கள் லண்டனில் ஓர் ஒன்றியம் வைத்திருந்தார்கள். ஆண்டுக்கொரு விருந்து, கொஞ்சம் பழைய கதை என்று கிடந்த ஒன்றியம் அது. அகதிக் குடும்பங்களுக்காகக் கவுன்சிலில் பேச ஓர் ஆள் வேண்டும் என்று யோசித்து, இந்த 1990 மே மாதத் தேர்தலில் ஒரு வேட்பாளரை நிறுத்தியது. பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்யும் டொலறஸ்தான் வேட்பாளர். அவளுடைய தேர்தல் முகவர் பத்மநாதன்.

காசு சேர்ப்பதில் அவர்களை மிஞ்ச ஆளில்லை. ஸ்ட்ரெதமிலிருந்து ஹவுன்ஸ்லோ வரை கண்ணில் பட்ட தமிழ்க் கடைகளிலெல்லாம் பரிசுச்சீட்டு விற்றார்கள். முதற்பரிசு வீடியோ டெக். மூவாயிரத்து நூறு பவுண் சேர்ந்தது. அதற்குப் பிறகுதான் பத்மநாதன் தேர்தல் சட்டத்தைப் படித்துவிட்டு வந்து சொன்னார்: அந்த வட்டாரத்தில் ஒரு வேட்பாளருக்காகச் செலவழிக்கக்கூடியது மொத்தமே நானூற்றேழு பவுண்.

"சேத்த காசைச் செலவழிக்காதையெண்டு ஒரு சட்டமோ?" என்று ஒன்றியத் தலைவர் ஆனந்தராஜா கேட்டாராம். அவர் இன்ஸ்பெக்டராக இருந்து இளைப்பாறியவர். ஒரு காலத்தில் பத்மநாதனுக்கு மேலதிகாரி.

அப்படித்தான் சட்டம், அதிலும் ஓர் அழகு உண்டு. காசுள்ளவன் காசில்லாதவனை அமுக்கிவிடக் கூடாது என்பதற்காக ஒரு வரம்பு. அந்த வரம்பைச் சுற்றிக்கொண்டு யாரும் போகாதிருக்க, முகவரின் அனுமதியில்லாமல் வேறு எவரும் செலவு செய்யக் கூடாது. எல்லாம் சரியாக நடந்ததா என்று ஊர் பார்ப்பதற்காக, முடிவு அறிவித்து முப்பத்தைந்து நாளுக்குள் முழுச் செலவையும் பற்றுச்சீட்டுகளோடு ஒப்படைக்க வேண்டும். பத்மநாதன் இதையெல்லாம் சாப்பாட்டு மேசையில் முள்ளுக்கரண்டிகளை அடுக்கி மகளுக்கு விளங்கப்படுத்தியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலை, அதே மேசையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். அன்று முப்பதாம் நாள். இன்று முப்பத்தைந்தாம் நாள்.

அவர் வைத்திருந்தது கணக்குப் புத்தகமல்ல. பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு பதிகிற தகவல் புத்தகத்தின் முறையிலேயே எழுதியிருந்தார். ஒவ்வொரு பதிவும் இலக்கமிட்டுப் பிரித்தெழுதிய ஒரு பந்தி. திகதி, நேரம், சொன்னவர் பெயர். பின்னால் யாரும் எதையும் நுழைக்காதிருக்க வெற்று வரி விடுவதில்லை. பிழைத்தால் அழிப்பதில்லை, ஒற்றைக் கோடு போட்டுப் பக்கத்தில் சுருக்கொப்பம். கடைசியாக இருந்தது பந்தி நாற்பத்தொன்று. தமிழ்த் துண்டுப்பிரசுரம் ஆயிரம், ஸ்ட்ரெதமில் அச்சடித்தது, முப்பத்தெட்டுப் பவுண். பற்றுச்சீட்டு திரு. ஆனந்தராஜாவிடம்.

மற்றப் பன்னிரண்டும் சேர்ந்து முந்நூற்றுத் தொண்ணூற்றொன்று. இதையும் கூட்டினால் வரம்புக்கு மேலே இருபத்திரண்டு பவுண். டொலறஸ் வென்றது ஒன்பது வாக்குகளால்.

சிவகௌரி புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கீழே இறங்கினாள்.

தகப்பனுக்கு நீலக் கோட்டு உடுத்தியிருந்தார்கள். நெற்றியில் திருநீறு. தலைமாட்டில் தாய் கமலாம்பிகை, ஒரு கையைப் பெட்டியின் விளிம்பில் வைத்தபடி இருந்தாள். கால்மாட்டில் ஒன்றியத்தார் ஆறு பேர் விறைப்பாக நின்றார்கள், முதலாவதாக ஆனந்தராஜா.

"அங்கிள், ரிசீற்றைத் தாங்கோ."

"எந்த ரிசீற்?"

"ஸ்ட்ரெதம்."

அவர் அவளைச் சமையலறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார்.

"பிள்ளை, அந்த ஒண்டை விடு. பன்னிரண்டைக் குடு. வரம்புக்குள்ள நிக்கும். ஒருத்தரும் கேக்க மாட்டினம்."

"கேட்டா?"

அவர் தண்ணீர்க் குழாயைத் திறந்தார். மூடினார். "கேட்டா, பத்மநாதன் மறந்திட்டாரெண்டு சொல்லலாம். செத்த மனுசனை ஆர் பிடிக்கிறது?"

முன்னறையில் ஐயர் மணியடித்தார்.

"அப்பா ஒரு பந்தியும் மறக்கிறேல்லை, அங்கிள். அதை அவருக்குப் பழக்கினதே நீங்கள்தானாம்."

"எனக்குத் தெரியாதோ?" ஆனந்தராஜா கதிரையில் இருந்தார். "பாங்கில மூவாயிரம் நித்திரை கொள்ளுது. நான் என்ட பொக்கற் காசில ஆயிரம் துண்டு அடிச்சன். தமிழில இருந்தா எங்கட சனத்துக்கு விளங்குமெண்டு பாத்தன். இப்ப அந்தப் பிள்ளையின்ர கவுன்சில் சீற்றும் போய் என்ட பேரும் போகப்போகுது."

சிவகௌரி புத்தகத்தைத் திறந்து அவர் முன்னால் வைத்தாள். "முழுக்க வாசியுங்கோ."

அவர் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டார். தொகைக்குக் கீழே பத்மநாதனின் நேரான எழுத்தில் இருந்தது: *மேற்படி செலவு என் அனுமதியின்றிச் செய்யப்பட்டது. செய்தவரை விசாரித்தேன். உண்மையைச் சொன்னார். கெட்ட நோக்கம் இல்லை. ஒப்படைக்கும்போது இதையும் இணைக்கவும்.*

"நேர்மையா விட்ட பிழையெண்டா நீதிமன்றத்தில மன்னிப்புக் கேக்கச் சட்டத்தில இடமிருக்கு," என்றாள் சிவகௌரி. "நாங்களாச் சொன்னாத்தான் கேக்கலாம். ஒளிச்சுப் பிடிபட்டா ஏலாது. அப்பா சட்டப் புத்தகத்தில அந்தப் பக்கத்தை மடிச்சு வைச்சிருக்கிறார்."

கதவு திறந்தது. வெள்ளைச் சேலையில் டொலறஸ், கையில் லில்லிப் பூக்கள்.

"நான் வெளியில நிண்டு கேட்டுக்கொண்டுதான் இருந்தனான்," என்றாள். "முகவர் செத்தா வேட்பாளர்தான் முகவராம். கவுன்சிலுக்குப் போன் பண்ணிக் கேட்டனான். அப்ப கையெழுத்தும் என்ட, மறியலில கிடக்கிறதும் நான்தான். தாங்கோ அங்கிள்."

"சீற் போனா?"

"போனாத் திருப்பியும் நிப்பன். அதுவரைக்கும் உருளைக்கிழங்கு உரிக்கிற வேலை இருக்குத்தானே."

ஆனந்தராஜா பேர்ஸை எடுத்தார். பற்றுச்சீட்டு நாலாக மடிந்து, ஒரு சாமிப் படத்துக்குப் பின்னால் இருந்தது. அதை மேசையில் வைத்து, மடிப்புகளை விரலால் நீவி நீவிச் சரிசெய்துகொண்டே இருந்தார். சிவகௌரிதான் மெல்ல இழுத்தெடுக்க வேண்டியிருந்தது.

இனி நேரம்தான் பிரச்சினை. தகனம் முடிந்து வெள்ளிக்கிழமை நெரிசலுக்குள் திரும்பி வர ஐந்தரையாகும். முன்னே போய்விட்டு வரலாமென்றால், கணக்கை விளக்கத் தெரிந்தவள் சிவகௌரி ஒருத்திதான்; ஒரே பிள்ளை என்பதால் வீட்டில் சுண்ணம் இடிக்கும் சடங்கில் அவள் பக்கத்தில் நிற்கவும் வேண்டும். வாசலில் நின்று எல்லாரும் ஒவ்வொரு வழி சொன்னார்கள். கமலாம்பிகை தலையை நிமிர்த்தினாள். காலையிலிருந்து அவள் பேசிய முதல் பேச்சு அது.

"கவுன்சில் போற வழியிலதானே கிடக்கு. அவரையும் கூட்டிக்கொண்டு போங்கோ."

உயரத் தொப்பி வைத்திருந்த வெள்ளைக்காரச் சவ ஊர்திக்காரருக்கு விஷயத்தைச் சொன்னார்கள். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பத்து நிமிடம் தரலாம் என்றார்.

இரண்டே முக்காலுக்கு, கண்ணாடிக்குள்ளே பூக்கள் நிறைந்த அந்த நீளக் கறுப்புக் கார் கவுன்சில் கட்டடத்தின் முன்னால், பஸ் தரிப்பை அடைத்துக்கொண்டு நின்றது. பின்னால் இரண்டு கார்கள். சிவகௌரியும் டொலறஸும் படியேறி ஓடினார்கள். கவுண்டரில் இருந்த பெண் கடுதாசிகளை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். மொத்தத்தைக் கண்டதும் பேனை நுனியால் அந்த எண்ணைத் தொட்டாள்.

இது வரம்புக்கு மேல் அல்லவா என்று கேட்டாள்.

ஓம், மேலேதான், விளக்கம் பின்னால் இருக்கிறது என்றாள் டொலறஸ்.

முகவர் வரவில்லையா?

சிவகௌரி யன்னலைக் காட்டினாள். அந்தப் பெண் எட்டிப் பார்த்தாள். பிறகு டொலறஸ் கையெழுத்து வைக்க வேண்டிய இடங்களைப் பென்சிலால் புள்ளியிட்டுக் காட்டி, எல்லாப் பக்கங்களிலும் அன்றைய திகதி முத்திரையைக் குத்தினாள்.

வெளியே வந்தபோது ஊர்தி அசைய முடியாமல் நின்றது. சிவப்புப் பஸ்களும் லொறிகளும் ஒன்றன்பின் ஒன்றாக உரசிக்கொண்டு போயின. ஒருவரும் இடம் விடவில்லை. கமலாம்பிகை காருக்குள்ளிருந்து மகளைப் பார்த்தாள். சிவகௌரி குடுத்தாச்சு என்று தலையை ஆட்டிவிட்டுப் பக்கத்தில் ஏறி அமர்ந்தாள்.

அப்போது ஆனந்தராஜா பின் காரிலிருந்து இறங்கினார். கோட்டுப் பொத்தானைப் போட்டார். நடுத்தெருவுக்குப் போய்க் கால்களை அகட்டி நின்று, வலது கையை நெஞ்சுக்கு நேரே நீட்டி உள்ளங்கையை விரித்தார். ஒரு பஸ் அவருக்கு ஒரு முழத்தூரத்தில் நின்றது. அதற்குப் பின்னால் தெரு முழுக்க நின்றது. இடது கையால் ஊர்தியை அழைத்து வழிவிட்டார். அடுத்த காரை விட்டார். அடுத்ததையும் விட்டார்.

சிவகௌரி பின்கண்ணாடியால் திரும்பிப் பார்த்தாள். அவர் போக வேண்டிய காரும் போய்விட்டது. பஸ்காரன் ஹோர்ன் அடித்தான். அவர் கையை இன்னும் இறக்கவில்லை.