பெட்டியா, தொட்டியா?

செந்தில்முருகன் அண்ணனுக்கு என் பெட்டியைக் கண்டாலே இளக்காரம். "பெட்டிக்கு இன்னைக்கு உடம்பு எப்படி இருக்கு, மேடம்?" என்று விசாரித்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவார். எனக்கோ அவருடைய தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தால் எரிச்சல்.

கல்லிடைக்குறிச்சி சாலையில் வால்வு செய்யும் பட்டறை எங்களுடையது. வால்வு கசிகிறதா என்று பார்ப்பது எங்கள் இருவர் பொறுப்பு. மூடிய வால்வுக்குள் காற்றை அடைத்து, மறுபக்கக் குழாயைத் தண்ணீரில் விட்டு, குமிழி வருகிறதா என்று குனிந்து பார்ப்பார் அவர். நான் காற்றை அடைத்துவிட்டு, அழுத்தம் இறங்குகிறதா என்று பெட்டியின் திரையைப் பார்ப்பேன். ஒரே வால்வை இரண்டு விதமாகவும் சோதிக்க வேண்டும், தோற்றவர் பேக்கிங்குக்குப் போக வேண்டும் என்று முதலாளி அசன் மைதீன் சொல்லிவிட்டார். பெட்டியை வாங்கச் சொல்லி அவரை நச்சரித்தவளே நான்தான்.

தொட்டியில் ஒரு குமிழிகூட வரவில்லை. என் திரையில் அழுத்தம் இறங்கிக்கொண்டே இருந்தது.

"நல்ல வால்வுக்கு நொட்டை சொல்லுதே! மாமியார் பெட்டியால்லா வாங்கிருக்கோம்," என்றார் செந்தில்முருகன். பட்டறையே சிரித்தது.

மேற்கு ஷட்டர் வழியாகச் சாரல் காற்று சிலுசிலுவென்று அடித்தது. வால்வைத் தொட்டுப் பார்த்தேன். ஜில்லென்றிருந்தது. உள்ளே இருக்கும் காற்று குளிர்ந்தாலும் அழுத்தம் இறங்குமே!

"ஷட்டரை மூடுங்க. இன்னொரு தடவ பாக்கணும்."

யாரும் அசையவில்லை. சாரல் மாதங்களில் மட்டும் கிடைக்கும் அந்தக் குளிர்காற்றை அடைக்கச் சொல்பவளை எங்கள் ஊரில் மனுஷியாகவே மதிக்கமாட்டார்கள்.

"என்னம்மா நஃபீஸத், தோத்ததும் காத்து மேல பழியா?" என்றார் முதலாளி.

செந்தில்முருகன்தான் எழுந்துபோய் ஷட்டரை இழுத்துவிட்டார். "பைய பாருங்க, மேடம். தோக்கதையும் நியாயமாத் தோக்கணும்லா."

வால்வின் குளிர் விடும்வரை வியர்க்க வியர்க்கக் காத்திருந்து, மறுபடியும் சோதித்தேன். அழுத்தம் அசையவே இல்லை.

"ரெண்டும் சரின்னா எனக்குப் பெட்டி போதும். வாங்குதவங்க திரையத்தான் நம்புதாங்க. தொட்டியத் தூக்கிருங்க," என்றார் முதலாளி.

செந்தில்முருகன் தொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். ஜெயித்தவள் நான், துளி சந்தோஷமும் இல்லை.

"தொட்டியும் இருக்கட்டும், முதலாளி. ஷட்டரை மூடி வச்சா ஆளுக ஓடிருவாங்க. திறந்து வச்சா பெட்டி தப்பாக் காட்டும்."

முதலாளி கழுத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு தாமே போய் ஷட்டரை ஏற்றிவிட்டார்.

"சாரல் முடிஞ்சிட்டுன்னா?" என்று செந்தில்முருகன் என்னிடம் மெல்லக் கேட்டார்.

"அப்ப வேற சாக்கு சொல்லுவோம்ணே."