குன்றின் மேல் எட்டுப் புகை

எதிர்க் குன்றின் மேல் முதல் நாள் மூன்று இடத்தில் புகை எழுந்தது. மறுநாள் எட்டு இடத்தில். அதற்குப் பிறகு ஆற்றங்கரை ஊரில் யாரும் ஆடுகளை மேற்கே ஓட்டவில்லை. பெண்கள் தண்ணீருக்குப் போனால் வில்லோடு இரண்டு ஆண்கள் கூடவே போனார்கள்.

வாற்கோதுமை பால் பிடித்து நின்ற சமயம். அறுக்க இன்னும் பதினைந்து நாளாவது ஆகும். அந்த வருடம் மழை பொய்த்துவிட்டது. வழக்கமாக வரும் மான் கூட்டமும் வரவில்லை. ஊர் முழுவதன் உயிரும் அந்த ஒரு வயலில்தான் நின்றது. வயலைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாது. மலையில் வேட்டையாடித் திரியும் கூட்டத்தில் பிறந்து இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்ட இலுட்டாவுக்கு இதுதான் நெஞ்சை அடைத்தது. அவள் சிறுமியாக இருந்தபோது, ஆபத்து என்றால் தோல்களைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டிவிடுவார்கள். இங்கேயோ பயத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியிருந்தது.

இரண்டு வருடத்துக்கு முன் கீழ்க்கரை ஊரை மலைக்காரர்கள் இப்படித்தான், கதிர் முற்றும் நேரம் பார்த்து, கொளுத்திவிட்டுப் போனார்கள். கருகிக் கிடந்தவர்களைப் புதைக்கப் போனவர்களில் ஸப்பானும் ஒருவன். அவன் இலுட்டாவின் கணவனுக்கு அண்ணன். ஊரில் அவன் சொல்தான் எடுபடும்.

"ஏம்மா, உன் ஆளுங்கதானே அது?" என்று வாசலில் வந்து நின்றான்.

"தெரியலை மாமா. எங்க கூட்டம் இவ்வளவு பெருசில்ல."

"போய்ப் பாத்துட்டு வா. எத்தனை வில்லுன்னு எண்ணிக்க. நாங்க போனா அம்பு வரும். நீ போனா பேச்சாவது வரும்."

அவள் கணவன் குர்ரன் பதறினான். "அண்ணே, இவளைப் போய் தனியா..."

"புள்ளையை இங்க விட்டுட்டுத்தானே போறா? திரும்பி வந்துருவா." ஸப்பான் குழந்தையின் தலையைத் தடவினான். இலுட்டா குழந்தையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

வெயில் ஏறும் முன்பே மலை ஏறினாள். ஒவ்வொரு பாறைக்குப் பின்னாலும் ஒரு வில் வளைந்திருப்பதாகவே தோன்றியது. "நான் இலுட்டா, நான் இலுட்டா" என்று கத்திக்கொண்டே போனாள். பதில் இல்லை. உச்சியில் எட்டு அடுப்பு எரிந்தது. ஏழு அடுப்பைச் சுற்றி ஆளே இல்லை.

கடைசி அடுப்பருகே ஐந்து பேர் இருந்தார்கள். இரண்டு பெண்கள், கால் வீங்கிப் படுத்திருந்த ஒருவன், ஈ மொய்த்தும் அழாத ஒரு குழந்தை. ஐந்தாமவன் எழுந்து நின்ற பிறகுதான் அது தன் அண்ணன் தெமுக் என்று அவளுக்குத் தெரிந்தது.

"எங்கண்ணே மத்தவங்க?"

"பாதிப் பேர் காய்ச்சல்ல போயிட்டாங்க. மீதிப் பேரு நடக்க முடியாம வழியிலேயே..."

"அப்ப எட்டு அடுப்பு எதுக்கு?"

"அஞ்சு பேருன்னு தெரிஞ்சா உங்காளுங்க விடுவாங்களா? விடிஞ்சதும் விறகு பொறுக்குறதுதான் எங்களுக்கு வேட்டை." சிரிக்கப் பார்த்தான், இருமல் வந்தது. "உங்க வயல்ல நிக்கறது புல்லுதானே புள்ள. மண்ணுல முளைச்சது. சின்ன வயசுல நாம உருவித் தின்னோமே. அதுக்கு எப்பலேர்ந்து காவல்?"

"நாங்க விதைச்சோம்ணே."

தன் வாயில் 'நாங்க' என்று வந்ததை அவளே கேட்டாள். அண்ணனும் கேட்டான். மேற்கு ஓரத்தில் ஒரு துண்டு கொடுத்தால் அறுத்துக்கொண்டு போய்விடுவோம் என்றான்.

இறங்கும்போது இரண்டையும் எண்ணிப் பார்த்தாள். உண்மையைச் சொன்னால் பொழுது சாய்வதற்குள் அந்த ஐந்து பேரும் பிணம். பொய் சொல்லி மாட்டிக்கொண்டால் தன் குழந்தைக்கு என்ன ஆகும்?

"எத்தனை?" என்றான் ஸப்பான். ஊரே சுற்றி நின்றது.

"நாப்பது வில்லு இருக்கும். படுத்திருந்தவங்களை எண்ண முடியலை. மேற்கு ஓரத்துல ஒரு துண்டு கேக்கறாங்க. பச்சையாவே அறுத்து வறுத்துக்குவாங்களாம். குடுத்தா போயிடுவாங்க."

ஒரு பெண் விசும்பினாள். ஸப்பான் இலுட்டாவின் முகத்தையே வெகுநேரம் பார்த்துவிட்டுச் சரி என்று தலையசைத்தான்.

மறுநாள் தெமுக்கும் அந்த இரண்டு பெண்களும் வயலில் இறங்கினார்கள். ஊர் ஆண்கள் ஆட்டுப்பட்டியின் பின்னால் நாணேற்றிப் பதுங்கியிருந்தார்கள். கல் பல் பதித்த அரிவாள் தெமுக்கின் கையில் நடுங்கியது. ஸப்பான் அதைக் கவனித்துக்கொண்டே கிட்டே போனான்.

"மூணு பேரு அறுத்தா எப்ப முடியும்? மத்தவங்களையும் கூப்பிடறதுதானே?"

வயலோரத்தில் நின்ற இலுட்டா ஓரடி முன்னே வந்தாள்.

தெமுக் நிமிரவில்லை. "கூப்பிடலாம். அவனுங்க கையில அரிவாள் இல்ல, வில்லுதான் இருக்கு. பரவாயில்லையா?"

ஸப்பான் இரண்டடி பின்வாங்கினான்.

உச்சி வெயிலுக்குள் அறுப்பு முடிந்தது. மூன்றாம் நாள் குன்றில் புகை இல்லை. பதினைந்து நாள் கழித்து ஊர் தன் கதிரை அறுத்தது. அரை வயிற்றுக்குத் தேறியது. விதைக்கும் கொஞ்சம் மிஞ்சியது.

அறுவடை முடிந்ததும் ஸப்பான் தனியாகக் குன்றேறினான். திரும்பி வந்து, மாவரைத்துக்கொண்டிருந்த இலுட்டாவின் எதிரே குந்தினான்.

"எட்டு அடுப்பு. ஆள் படுத்த தடம் ஒரே இடத்துல. பக்கத்துல ஒரு சின்னக் குழி, புள்ளையைப் புதைச்சது."

அவள் கையிலிருந்த கல் நின்றது.

"எத்தனை பேரு?"

"அஞ்சு, மாமா."

"அன்னிக்கே சொல்லியிருந்தா கொன்னிருப்பேன்."

"தெரியும்."

அவன் குரலில் கோபமே இல்லை. அதுதான் அவளை அதிகம் பயமுறுத்தியது. "இதை யார்கிட்டயும் சொல்லாத. நடுங்குற ஒருத்தனைப் பாத்து நான் பின்வாங்கினேன்னு தெரிஞ்சா, அப்புறம் யார் என் பேச்சைக் கேப்பா? ஆனா ஒண்ணு. இனிமே நீ ஊரை விட்டு வெளிய போகக் கூடாது."

மறுநாளே ஊரைச் சுற்றிச் சுவர் எழுப்பச் சொன்னான். எல்லாரும் மகிழ்ச்சியாக மண் சுமந்தார்கள். இலுட்டாவுக்குச் சேறு மிதிக்கும் வேலை. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மிதித்தாள். சுவர் அவள் மார்பளவு வந்தது, பிறகு கழுத்தளவு. நிற்காமல் மிதித்தாள். நின்றால் ஸப்பான் திரும்பிப் பார்ப்பான்.